கொக்கி முனி குடியிருந்த தெம்புசு மரம்

பேராக் மாநிலத்தில் இதுவரை பிறந்தவர்களிலும் இனிமேல் பிறக்கப் போகிறவர்களிலும் எங்கள் கொக்கி அண்ணேயைப் போலக் கோபப்பட ஒருவராலும் முடியாது. கின்டா ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஓடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அதற்கு மழை வேண்டும். அண்ணேக்கு ஒன்றும் வேண்டாம். காலையில் கண்ணைத் திறந்தால் போதும்.

ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொல்லி முடித்தால், "நீ பாட்டுக்குப் போற, நான் கேட்டு முடிச்சேனா?" என்று பெட்டியின் மண்டையில் ஒரு தட்டு. வலது கால் சிலிப்பரால் இடது கால் சிலிப்பரை அடித்ததை எங்கள் லயத்து வீட்டு வரிசையே பார்த்தது. ஒரு நாள் ஈப்போ பஸ், நிறுத்தத்தைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டது. அண்ணே அதன் முன்னால் போய் நின்றுகொண்டார்.

"பின்னால எடு! ஸ்டாப்பு எங்க இருக்கு, நீ எங்க நிக்கிற?"

பஸ் பின்னால் வந்தது. சீட்டுக்காரர் கதவருகே நின்று, "ஏறுங்கண்ணே" என்றார்.

"நான் எங்கயும் போவல. ஸ்டாப்புன்னா ஸ்டாப்பு."

அவர் கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தோட்டத்துச் சிற்றாலயத்தில் முதல் பெஞ்சில் உட்காருவார். மன்னிப்புக் கேட்கும் ஜெபத்தை, கொடுக்காவிட்டால் நடப்பதே வேறு என்கிற குரலில் சொல்லுவார். ஞானஸ்நானத்தில் அவருக்கு ஏதோ ஒரு அப்போஸ்தலர் பெயர் வைத்திருந்தார்கள். பாவம், அந்த அப்போஸ்தலர் தப்பித்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் அவர் கொக்கிதான்.

பெயருக்குக் காரணம் அவருடைய வேலை. ரப்பர் தோட்டத்துப் பால்மரங்களின் உச்சியில் புல்லுருவி வந்து உட்கார்ந்து மரத்தின் சாரத்தைக் குடிக்கும். நீண்ட மூங்கிலின் நுனியில் கொக்கி கட்டி அதைப் பிடுங்கி எறிவதுதான் அவர் பிழைப்பு. எத்தனையோ வருடம் அண்ணாந்தே வேலை பார்த்ததில் கழுத்து அப்படியே நின்றுவிட்டது. உங்களைத் திட்டும்போதுகூட உங்கள் தலைக்கு மேலே ஓரடி உயரத்தில் ஆகாயத்தைப் பார்த்துத்தான் திட்டுவார். புதிதாக வருகிறவர்கள் திரும்பிப் பின்னால் யாரென்று பார்ப்பார்கள்.

சுங்கை சிப்புட்டுக்குச் சற்றுத் தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர். நான் அப்போது ஈப்போவில் மோட்டார் சாமான் கடை ஒன்றில் வேலை பார்த்தேன். தினமும் பைக்கில் போய் வருவேன். எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய காலம். கடிகாரத்துக்கு நான் சாவி கொடுத்ததே இல்லை. விடியும் முன் தண்ணீர்க் குழாயோடு அண்ணே சண்டை போடத் தொடங்குவார், நான் எழுந்துவிடுவேன்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் சாயங்காலம் சத்தமில்லாமல் வீட்டுக்கு வந்தார். பலகைக்கு இந்தப் பக்கம் நான் சோற்றுக் கையோடு காதை வைத்தேன்.

"மேரி, அது குடிக்கல."

"என்னா குடிக்கல? கள்ளுத் தவறணைக்குப் போவலியா?" இது அவர் மனைவி மேரி அக்கா.

"ஓடப் பக்கம் தெம்புசு மரத்துல ஒரு செடி தொங்குது. புடுங்கலாம்னுதான் கொக்கிய நீட்டுனேன். மரத்துல எங்க வாய வச்சிருக்குன்னு பாக்க ஏறுனேன். வாயே இல்ல மேரி. தோள் மேல கை போட்ட மாதிரி வேர போட்டுக்கிட்டு சும்மா இருக்கு. மழையக் குடிக்குது, காத்தக் குடிக்குது. யாரு பாலையும் குடிக்கல, யாருக்கும் பால் குடுக்கல. இந்தத் தோட்டத்துல அப்படி ஒரு சீவன் இருக்கா சொல்லு?"

"ஏன் இல்ல? நீங்க இருக்கீங்களே. வீட்டுக்கு ஒரு வேல செய்றது கெடையாது."

மறுநாள் நானும் போய்ப் பார்த்தேன். காட்டை அழித்துப் பால்மரம் நட்ட வெள்ளைக்காரன், ஓடைச்சரிவு செங்குத்தாக இருந்ததால் விட்டுவைத்த ஒரே காட்டு மரம் அந்தத் தெம்புசு. தாழ்ந்த கிளையில் அது தொங்கியது. பென்சிலைவிட மெலிந்த இலைகள், கை நீளத்துக்கும் மேலாக, நேரே தரையைப் பார்த்து. செடி என்றால் வளர வளர மேலே போகும். இது வளர வளரக் கீழே வந்தது. பெய்யத் தொடங்கிய மழை பாதி வழியில் மனம் மாறி அங்கேயே நின்றுவிட்டது போல இருந்தது. காற்று வந்தால் எல்லா இலையும் சேர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தன, சேர்ந்து திரும்பின. கீழே பச்சை நிழல் ஒன்று அசைந்துகொண்டே இருந்தது. கடன் இல்லாத மனிதன் நடப்பது போல.

எங்கள் கடை முதலாளியின் மனைவி வீட்டில் பூந்தொட்டி வளர்ப்பவர். விவரம் சொன்னதும், "அது ஓர்க்கிட்லா. காட்டு ஓர்க்கிட். பூக்கும்" என்றார். அதை அண்ணேயிடம் சொன்னேன். "அதுக்குப் பேரு வைக்க இவ யாரு?" என்று கோபப்பட்டார். அவர் கடைசிவரை அதை 'அது' என்றே சொன்னார். மற்றவர்கள் விடவில்லை. பிள்ளைகள் பேய்முடி என்றார்கள். மேரி அக்காவுக்கு அது புடலங்காய்.

"கல்யாணமாகி இத்தன வருசத்துல என்னைய ஒருதரம் நிமிந்து பாத்திருப்பாரா தம்பி? அந்தப் புடலங்காய நாள் பூரா அண்ணாந்து பாக்குறாரு."

ஒரு மழை முடிந்த வாரத்தில் அது பூத்தும் விட்டது. அண்ணே லயம் முழுவதையும் மிரட்டி அழைத்துப் போனார். சட்டைப் பொத்தான் அளவில், மஞ்சளும் பழுப்புமாக நாலைந்து பூ. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். யாரோ, "இதுக்குத்தானா?" என்று கேட்டார்கள். அன்றைக்கு அவர் திட்டிய திட்டில் சில வார்த்தைகள் எங்கள் தோட்டத்துக்கே புதியவை.

பிறகு தோட்டத்தை விற்றார்கள்.

இதைச் சிரித்துக்கொண்டு எழுத எனக்கு வராது. ஒரு காலை, பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் இடத்தில் கணக்கெழுதும் கிராணி வந்து நின்று, தோட்டம் கைமாறிவிட்டது, வீடுகள் வரப் போகின்றன, லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்றார். செத்த வீட்டில் பேசுவது போல மெதுவாகச் சொன்னார். மானேஜர் எல்லோருக்கும் கை கொடுத்தார். மூன்று தலைமுறையாகப் பால் வெட்டிய கைகள் அவை. அந்த மண்ணில் பிள்ளைகளின் தொப்புள்கொடியும் கிடக்கிறது, கிழவர்களின் எலும்பும் கிடக்கிறது. கைகொடுத்துவிட்டு மானேஜர் கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். நாங்கள்? "எங்க போறது துரை?" என்று கேட்டதுக்கு மேல் ஒரு சத்தம் வரவில்லை எங்களிடமிருந்து. வந்த கோபத்தை எல்லோரும் சோற்றோடு சேர்த்து விழுங்கினோம். எனக்கு இன்னும் அது செரிக்கவில்லை.

மரம் வெட்டும் ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு மேஸ்திரி ஆ ஹோக். பக்கத்துக் கம்பத்துக் கிராமத்தில் தமிழர்களோடு வளர்ந்த சீனர், தமிழை மென்று துப்புவார். நிரை நிரையாகப் பால்மரம் விழுந்தது. விழுந்த மரங்களிலிருந்து பால் வடிந்துகொண்டே இருந்தது. வாங்கிக்கொள்ள மங்குக் கிண்ணம் இல்லை. ஆ ஹோக் ஓடைப் பக்கம் வந்து தெம்புசைத் தட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இதுவும் போத்தோங்லா. அடுத்த வாரம்."

"இதத் தொட்ட, ஒன் கைய நான் போத்தோங் பண்ணுவேன்!"

"என்னைய ஏசி என்னா அண்ணே? மொதலாளி தவுக்கே சொல்றாரு, நான் வெட்டுறேன். சேமியா மாதிரி தொங்குற இந்தப் பீஹூன் செடிக்கா இவ்ளோ கோவம்?"

அண்ணேயின் கோபம் முதல் முறையாக ஒருவர்மேல் பட்டு ஒன்றும் ஆகாமல் கீழே விழுந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை என்று மேரி அக்கா சொன்னார். ஆனால் அண்ணே ஒன்றைக் கவனித்திருந்தார். தோட்டத்து வாசலில் முனியாண்டி சாமிக்குச் சூலம் ஊன்றியிருந்த மரத்தை மட்டும் ஆ ஹோக்கின் ஆட்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். போகும்போது தொப்பியையும் கழற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜெபம் முடிந்து வந்த அதே வெள்ளைச் சட்டையோடு, என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"கற்பூரம் வச்சிருக்கியா?"

"எதுக்குண்ணே?"

"கேட்டா குடு. நீ இந்துதான? ஒனக்கு இதெல்லாம் தெரியுமில்ல? வா."

ஓடையிலிருந்து உருண்டைக் கல் ஒன்றை அவரே தூக்கி வந்து மரத்தடியில் வைத்தார். மேரி அக்கா குழம்புக்கு வைத்திருந்த மஞ்சள் தூள் முழுவதும் கல்லின் மேல் போயிற்று. நான் குங்குமம் வைத்தேன், சுருட்டு வைத்தேன், எலுமிச்சை வெட்டினேன். சூலத்துக்கு எங்கே போவது? தன் கொக்கியையே கல்லுக்குப் பக்கத்தில் ஊன்றினார். தள்ளி நின்று பார்த்தோம். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

"ஒங்களுக்குப் பாவம் இல்லியாண்ணே?"

"இது சாமி இல்லடா. வேலி."

திங்கட்கிழமை காலை வாள் எந்திரத்தோடு வந்த ஆ ஹோக் அங்கேயே நின்றுவிட்டார். "அலாமாக்! இவரு எப்போ வந்தாரு?"

"அவரு எப்பவும் இருக்காரு. ஒனக்குத்தான் கண்ணு தெரியல."

"பேரு என்னா?"

அண்ணே இதை யோசித்திருக்கவில்லை. நான்தான் சொன்னேன். "கொக்கி முனி."

"கோவக்காரரா?"

"ரொம்ப" என்றேன். அதில் பொய் இல்லை.

அன்று மத்தியானமே வேறொரு மரத்தில் ஆ ஹோக்கின் எந்திரச் சங்கிலி அறுந்து அவர் காதோரம் பறந்தது. மறுநாள் ஊதுவத்தியும் ஸ்டவுட் பீர் போத்தலும் கோழியுமாக வந்து கல்லின் முன் விழுந்தார். போகும்போது தன் பைக்கின் எண் நினைவுக்கு வர, லாட்டரியில் அந்த நம்பரை எடுத்தார். விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்று பேராக்கில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சுங்கை சிப்புட்டிலிருந்து வந்தார்கள், பத்து காஜாவிலிருந்து வந்தார்கள், கார் வந்தது, ஐஸ்கிரீம்காரன் வந்தான். அந்த இலைகளுக்கு நேர் கீழே கட்டுக் கட்டாக ஊதுவத்தியைக் கொளுத்தினார்கள். பத்து காஜாவிலிருந்து வந்த ஒரு அம்மாளிடம் அண்ணே பாய்ந்தார்.

"ஏய்! எடு அத! ஒன் மூஞ்சிக்குக் கீழ கொளுத்தி வச்சா இருப்பியா? போ! போயி வேலையப் பாரு!"

அந்த அம்மாளின் மகன் வெகு நாளாக வேலையில்லாமல் இருந்தவனாம். மறு வாரம் அவனுக்கு ஒரு லாரிக் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. "சாமி அன்னிக்கே சொல்லிட்டாரு, வேலையப் பாருன்னு!" என்று அந்த அம்மாள் வாழைத்தாரோடு வந்து அழுதார். அவ்வளவுதான். கொக்கி முனி இவர் வாயில் வந்து பேசுகிறார் என்று முடிவாகிவிட்டது. கல்லைக் கும்பிட்டுவிட்டு, திட்டு வாங்க வரிசையில் நின்றார்கள்.

ஒரு லாரி டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றது நன்றாக நினைவிருக்கிறது.

"அண்ணே, சுங்கை சிப்புட்டுலேருந்து வாரேன். ரெண்டு வார்த்த திட்டுங்கண்ணே."

"ஒன்னைய யாருன்னே எனக்குத் தெரியாது. நான் எதுக்குத் திட்டணும்?"

"அப்படிச் சொல்லாதீங்கண்ணே. லீவு போட்டுட்டு வந்திருக்கேன்."

"லீவு போட்டுட்டு வந்தியா? அறிவுகெட்ட முண்டமே! பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டு இங்க கல்லப் பாக்க வந்தியா?"

டிரைவரின் கண் கலங்கியது. "கெடச்சிருச்சுண்ணே" என்று கும்பிட்டார்.

தெம்புசு நின்றது. சுற்றிலும் பொட்டல், நடுவில் அது ஒன்றுதான். அண்ணேக்கு அதுதானே வேண்டும்? செய்தி கேட்டு டவுனிலிருந்து ஃபாதர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மெலிந்தவர், கண்ணாடிக்காரர், தும்மினால்கூட மன்னிப்புக் கேட்பார். வந்து, கல்லைப் பார்த்தார், கோழி இறகைப் பார்த்தார்.

"நீ கோயில் கட்டியிருக்கியாமே?"

"கட்டல ஃபாதர். கல்லு வச்சேன். அதுல ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியும். வெட்ட வாரவனுக்குத் தெரியாது."

"அப்ப இது பொய்."

"பொய்தான்."

"பாவசங்கீர்த்தனத்துக்கு வா."

"வாரேன். மரம் நிக்கட்டும், வாரேன்."

ஆனால் சாமியைக் கொண்டுவருவது சுலபம், பக்தர்களிடமிருந்து காப்பாற்றுவதுதான் கஷ்டம். தொங்கும் இலைகள் முனியின் சடை என்று யாரோ கனவு கண்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சலா, சடையில் ஒரு துண்டு. லாரிக்குப் பிரேக் சரியில்லையா, சடையில் ஒரு துண்டு. கம்பால் அடித்து உதிர்த்தார்கள், தோளில் ஏறிப் பறித்தார்கள். வாரத்துக்கு வாரம் அது வழுக்கையாகிக்கொண்டே போனது. அண்ணே தொண்டை கிழியத் திட்டினார். திட்டத் திட்டக் கூட்டம் கூடியது.

கடைசியில் கமிட்டி போட்டார்கள். நம்மவர்கள் சேர்ந்தால் முதலில் வருவது கமிட்டி. தலைவர், செயலாளர், பொருளாளர், ஒருவருக்கொருவர் பேசாத இரண்டு துணைத்தலைவர்கள். லயத்தை இழந்தபோது கூடாத கூட்டம் தகரக் கொட்டகை போடக் கூடியது. தகரத் தகடுகள் வந்து இறங்கின. கொட்டகைக்கு இடைஞ்சலாக இருக்கும் தாழ்ந்த கிளையை வெட்டிவிடுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

அந்தக் கிளைதான். அது தொங்கும் கிளை.

அண்ணே கூட்டத்தின் நடுவில் போய் நின்றார். "கேளுங்கடா! அது சாமி இல்ல. ஓடையில எடுத்த கல்லு. மஞ்சத்தூளு என் பொண்டாட்டி கொழம்புக்கு வச்சிருந்தது. இந்த மரத்துக்காக நான் சொன்ன பொய்யி. எல்லாரும் வீட்டுக்குப் போங்கடா!"

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். பிறகு தலைவர் பக்தியோடு சொன்னார்: "சாமி இன்னிக்கு ரொம்ப உக்கிரமா இருக்காரு."

எல்லோரும் கும்பிட்டார்கள்.

மறுநாள் அண்ணேயை என் பைக்கில் டவுன் ஆலயத்துக்கு அழைத்துப் போனேன். நான் வெளியே நின்றேன். பாவசங்கீர்த்தனம் என்பது செய்த பாவத்தைக் காதோடு காதாகச் சொல்வது. அண்ணேக்கு அப்படி ஒரு குரலே கிடையாது. ஃபாதர் மெதுவாகத்தான் பேசினார் போலும். இவர் பதில்கள் மட்டும் தெருவரை வந்தன.

"ஆமா ஃபாதர், நான்தான் வச்சேன்... இல்ல ஃபாதர், இப்ப நானே போவச் சொல்றேன், கூட்டம் போவ மாட்டேங்குது... என்னாது? திருவிழா வரைக்குமா? ஒருத்தரக்கூடவா?"

வெளியே வந்தவரின் முகத்தைப் பார்த்து நான் பயந்துவிட்டேன். பத்து காஜா ஜெயிலில் போட்டிருந்தால்கூட அப்படி ஆகியிருக்காது.

"பரிகாரமாம். கோயில் திருவிழா வரைக்கும் யாரையும் திட்டக் கூடாதாம். எல்லார்கிட்டயும் அன்பாப் பேசணுமாம்."

அவர் கோபக்காரர்தான். ஆனால் வாக்குத் தவறுகிறவர் இல்லை. அடுத்த நாளே தொடங்கியது. வரிசையில் முதல் ஆள் வந்து நின்றான். அண்ணே பல்லைக் கடித்துக்கொண்டு, "வாங்க தம்பி. சாப்டீங்களா?" என்றார். அவன் கற்பூரத் தட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். பத்து காஜா அம்மாள் தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார். "நான் என்னா தப்பு செஞ்சேன்? என்னையப் பாத்து 'நல்லாயிரும்மா'ன்னு சொல்லிட்டாரே!"

வீட்டிலும் அப்படித்தான். மேரி அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, இவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா? காலையில 'டீ நல்லா இருக்கு மேரி'ன்னாரு." பலகைக்கு அந்தப் பக்கம் அவர் தலையணையைக் கடித்துக்கொண்டு ஏதோ முனகுவது எனக்கும் கேட்டது.

முனி போய்விட்டார் என்று ஊர் முடிவு செய்தது. நம்பர் எதுவும் விழவில்லை. கார் குறைந்தது, ஐஸ்கிரீம்காரன் வேறு திருவிழாவுக்குப் போனான். தகரத்தைத் தலைவர் தன் கோழிக்கூண்டுக்கு எடுத்துக்கொண்டார். அதனால் செயலாளர் அவரை அடித்தார். கமிட்டி கலைந்தது. கிளை பிழைத்தது. நுனியில் புதிதாக இரண்டு இலை இறங்குவதை அண்ணே எனக்குக் காட்டினார், சத்தமில்லாமல்.

சந்தோஷம் ஒரு வாரம்கூட இருக்கவில்லை. ஆ ஹோக் ஓடி வந்தார்.

"அண்ணே, நான் மாட்டேன்னு சொல்லிட்டேன். தவுக்கே வேற ஆள் புடிச்சிட்டாரு. வெளி மாநிலம். புல்டோசர். நாளைக்கு காலையில. அவங்களுக்கு இந்தச் சாமி தெரியாதுலா."

அண்ணேயின் உதடு துடித்தது. கழுத்து நரம்பு கயிறு கயிறாகப் புடைத்தது. "சொன்னதுக்கு நன்றி தம்பி" என்றார்.

மறுநாள் ஞாயிறு. வெளிச்சம் வந்ததும் மூவரும் போனோம். ஆ ஹோக் ஊதுவத்தி கொளுத்தி முனியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மரத்தில் ஏறினார். கிளையில் அது பிடித்திருந்த துண்டை மட்டும் இரண்டு பக்கமும் அறுத்து, கயிற்றில் கட்டி, பிள்ளையைத் தொட்டிலில் இறக்குவது போல இறக்கினார். அண்ணே இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். இலைகள் அவர் முழங்கால்வரை தொங்கின.

புல்டோசர் வந்துவிட்டது. ஓட்டியவன் தமிழ்ப் பையன்தான். ஓடைச்சரிவில் எந்திரம் வழுக்கியது. அண்ணே அவனைப் பார்த்து, "பாத்து தம்பி, மெதுவா" என்றார். தன் மரத்தைத் தள்ள வந்தவனிடம். நான் திட்டினேன். அவனை, கம்பெனியை, கைக்குட்டை மானேஜரை, எல்லோரையும். ஆனால் எனக்கு அண்ணே அளவுக்கு வராது. எந்திரச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. தெம்புசு சாய்ந்தது. விழுகிற நேரத்தில் அது ஒன்றும் பெரிதாகச் சத்தம் போடவில்லை. வேரில் ஒட்டியிருந்த மண் மட்டும் வெகு நேரம் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டே இருந்தது.

"எங்க போறது அண்ணே?" என்றார் ஆ ஹோக், தன் குட்டி லாரியில் ஏறிக்கொண்டு. எங்களுக்குக் காட்டியிருந்த மலிவு விலை அடுக்கு வீட்டில் மரம் இல்லை, மண்ணே இல்லை.

"கோயிலுக்கு ஓட்டு."

டவுன் ஆலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை நடந்துகொண்டிருந்தது. ஃபாதர் பிரசங்கத்தில் இருந்தார். எங்கள் தோட்டத்திலிருந்து சிதறியவர்கள் பாதிப் பேர் பெஞ்சுகளில் இருந்தார்கள். அண்ணே நடு வழியில் நடந்தார். மேலெல்லாம் பாசி, எறும்பு. நேரே பீடத்தின் படியருகே போய் நின்றார். அத்தனை நாள் அடைத்து வைத்திருந்தது திறந்துகொண்டது.

"ஃபாதர்! அன்பாப் பேசுன்னீங்க. பேசுனேன்! புல்டோசர்காரன தம்பின்னு சொன்னேன்! மரம் போச்சு! இந்தா, மிச்சம்! கிராணி அன்பாத்தான் சொன்னான், காலி பண்ணுங்கன்னு. மானேஜரு அன்பாத்தான் கை குடுத்தான். எல்லாரும் அன்பாத்தான் வெரட்டுறான் ஃபாதர்! அன்பா வெரட்டுறவன்கிட்ட நாமளும் அன்பாப் பேசிக்கிட்டு நின்னா என்னா மிஞ்சும்?" பெஞ்சுகள் பக்கம் திரும்பினார். "நீங்க! ஒருத்தன் கத்துனீங்களாடா? எங்காத்தாவப் பொதச்ச மண்ணுடா அது! தகரக் கொட்டாயிக்குக் கூட்டம் போட்டீங்களே, வீடு போனப்ப எங்கடா போனீங்க?"

கதவுக்கு வெளியே நின்ற நானும் அதைக் கேட்டேன். நாங்கள் எல்லோரும் விழுங்கியதை அவர் ஒருவர் வெளியே எடுத்து வைத்தார். ஒரு பெண் அழத் தொடங்கினாள். மேரி அக்கா முதல் பெஞ்சில், "அப்பாடா, வந்துட்டாரு" என்றது கேட்டது.

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு படியிறங்கி வந்தார்.

"அத எங்க கட்டணும்?"

"நெழலும் வெளிச்சமும் கலந்த எடத்துல."

ஆலய வளாகத்தில் ஓர் அங்சானா மரம் இருந்தது. பூசையை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் வெளியே வந்தார்கள். ஏணி வந்தது, ஆ ஹோக் ஏறினார். கட்டக் கயிறு போதவில்லை. ஃபாதர் தன் அங்கியின் இடைக்கயிற்றை அவிழ்த்து நீட்டினார். அங்கி தொளதொளவென்று தொங்க, ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணே மேலே பார்த்து ஆ ஹோக்கைத் திட்டினார், ஃபாதரைத் திட்டினார், ஏணியைத் திட்டினார். "திட்டிக்கய்யா" என்றார் ஃபாதர். "அந்தப் பரிகாரம் திருவிழா வரைக்கும் வேணாம். இன்னியோட சரி."

அது பிழைத்துவிட்டது. அடுக்கு வீட்டிலிருந்து தினமும் காலையில் அண்ணே அங்கே நடந்து வருவார். சிதறிப்போன எங்கள் சனம் ஒருவரையொருவர் பார்க்க வேண்டுமென்றால் அந்த மரத்தடியில்தான் கூடினார்கள். இந்து, கிறிஸ்தவர் என்றில்லை. "செடிக்குக் கீழ நில்லு, வாரேன்" என்பார்கள். வெளிச்சத்தை மறைக்கிறார்கள் என்று அண்ணே எல்லோரையும் விரட்டுவார். யாரும் போக மாட்டார்கள்.

அண்ணே மறைந்து வருடங்கள் ஆகின்றன. தோட்டம் இருந்த இடத்தில் வீடுகள், வீடுகளுக்குக் கண்ணாடிக் கதவுகள். அந்த வழியே போகும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. யார் யார் மேலோ, பல சமயம் என் மேலேயே. அண்ணேமேல் மட்டும் ஒரு தடவைகூட வந்ததில்லை.